மாமாவும் மொன்டெவெர்டியும்: கிரெமோனா, மாந்தோவா, வெனிஸ்

முதல் நாள், கிரெமோனா

மாமா நியூரம்பெர்க் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று, எனக்காக மட்டும் போட்டு வைத்திருந்த இத்தாலித் திட்டத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் கோயில் க்வயரில் பாஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடியவர். எந்த ஞானப்பாட்டைக் கொடுத்தாலும் டானிக் சோல்ஃபாவில் (டோ ரே மீ எழுத்துமுறை) பார்த்து நாலு குரலையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பார். "கத்தோலிக்கப் பாட்டாடே?" என்று முதலில் ஒரு இழுப்பு இழுத்தார். "சங்கீதம்தான் மாமா, உங்க பைபிள்ல இருக்கிறதுதான்" என்றதும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

திட்டம் இதுதான். கிளவுதியோ மொன்டெவெர்டி 1567-ல் கிரெமோனாவில் பிறந்தார், இருபது வருஷத்துக்கு மேல் மாந்தோவாவில் கொன்ஸாகா பிரபுக்களிடம் வேலை பார்த்தார், கடைசி முப்பது வருஷம் வெனிஸ் சான் மார்க்கோ ஆலயத்தின் இசைத் தலைவராக இருந்து 1643-ல் அங்கேயே இறந்தார். அவர் போன வழியிலேயே நாங்களும் போகிறோம். நடுவில் நாளை மாலை மாந்தோவாவில் அவருடைய 'வெஸ்பர்ஸ்', அதாவது 1610-ல் அச்சான அந்தப் பெரிய மாலை ஆராதனை இசை. டிக்கெட் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, மாமாவுக்குப் போன வாரம்தான் வாங்கினேன், அதிர்ஷ்டவசமாகப் பக்கத்து இருக்கையே கிடைத்தது.

கிரெமோனாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லக் கூடாது என்றில்லை, நாங்கள் அரை நாள்தான் இருந்தோம். வயலின் ஊர். தெருவுக்குத் தெரு வயலின் பட்டறை, ஜன்னலில் வார்னிஷ் போடாத வெள்ளை வயலின்கள் கருவாடு மாதிரித் தொங்குகின்றன (உவமை மாமாவுடையது). பேராலயத்தை ஒட்டி தொராட்ஸோ என்ற மணிக்கூண்டு, 112 மீட்டர், செங்கல். படிகள் ஐந்நூறுக்கு மேல் என்றதும் மாமா கீழே ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்துகொண்டார், நானும் அவருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஏறவில்லை.

இந்தப் பேராலயத்தின் இசைத் தலைவராக இருந்த இன்ஜெஞேரி என்பவரிடம்தான் மொன்டெவெர்டி பாடம் படித்தார். முதல் புத்தகம் 1582-ல் அச்சில் வந்தபோது வயது பதினைந்து, அதுவும் மூன்று குரலுக்கான லத்தீன் ஜெபப் பாட்டுகள். மாமா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பதினைந்து வயதில் நான் அவருடைய க்வயரில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், இப்போது உங்களுக்கும்.

இரண்டாம் நாள், மாந்தோவா

இரவு ஒரு மணி. மாமா தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டே படுக்கிறேன்.

காலை ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கிரெமோனாவிலிருந்து ஒரு மணி நேரம், இரண்டு பக்கமும் தட்டையான வயல். மாந்தோவாவை மூன்று பக்கமும் ஏரி சுற்றியிருக்கிறது, அழகுதான், கொசுவும் உண்டு. அந்தக் காற்று தன் உடம்புக்கு ஆகவில்லை என்று மொன்டெவெர்டியே கடிதத்தில் புலம்பியிருக்கிறார். மத்தியானம் இந்த ஊர் ஸ்பெஷல், பூசணிக்காய் வைத்து மடித்த தொர்தெல்லி சாப்பிட்டோம். உள்ளே பூசணியோடு பாதாம் பிஸ்கட் பொடியும் சேர்ப்பார்கள், இனிப்பும் உப்புமாக ஒரு ருசி. "பூசணிக்கா கொழுக்கட்டைக்கு இம்புட்டு விலையா" என்று கேட்டுவிட்டு மாமா இரண்டாவது தட்டு சொன்னார்.

சரி, மாலைக்கு வருகிறேன்.

கச்சேரி சாந்தா பார்பரா ஆலயத்தில். இது ஊர்க்கோயில் இல்லை, கொன்ஸாகா அரண்மனைக்குள்ளேயே இருக்கிற பிரபுவின் சொந்தக் கோயில். குல்யெல்மோ கொன்ஸாகா 1560-களில் கட்ட ஆரம்பித்தது, இதற்கென்று தனி வழிபாட்டு முறைக்கே போப்பிடம் அனுமதி வாங்கி வைத்திருந்த ஆள் அவர். உள்ளே 1565-ல் கிராட்ஸியாதியோ அந்தெஞாத்தி செய்த ஆர்கன் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. அதன் கட்டைகளில் சில கறுப்புக் கட்டைகள் முன்பாதி பின்பாதியாகப் பிளந்திருக்கும். இன்றைய பியானோவில் ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் ஒரே கட்டை. அன்றைய சுருதிமுறையில் அவை இரண்டும் வேறு வேறு சுரம், அதனால் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டை. மாமாவிடம் சொன்னபோது "அதானே, ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?" என்றார், ஏதோ அறுபது வருஷமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி மாதிரி.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு குழப்பம் காத்திருந்தது. சங்கீதம் 109, 112, 121, 126, 147 என்று போட்டிருந்தார்கள். மாமா கைப்பையிலிருந்து சின்னப் பைபிளை எடுத்து 126-ஐத் திறந்தார். சீயோனின் சிறையிருப்பு. அச்சில் இருக்கிற லத்தீனோ 'நீசி தோமினுஸ்', கர்த்தர் வீட்டைக் கட்டாராகில். "தப்பா அடிச்சிருக்கான்" என்று பேனாவை எடுத்துவிட்டார். லத்தீன் பைபிளில் 9-ஐயும் 10-ஐயும் ஒரே சங்கீதமாக எண்ணியிருப்பதால் அதற்கப்புறம் எல்லாம் ஒன்று ஒன்று குறைந்து வரும் என்று நான் சொன்னதும், ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துச் சரிசெய்தார். 110, 113, 122, 127. கடைசி 147 மட்டும் நம் கணக்கிலும் 147-தான், பின்பாதி. ஐந்தும் அவருக்கு மனப்பாடம். அதற்கப்புறம் அவருக்கு அந்தக் கோயில் அந்நியமாக இல்லை என்று நினைக்கிறேன், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளை கிடையாது, நூறு நிமிஷம் ஒரேயடியாக. இதை நான் மாமாவிடம் தாமதமாகத்தான் சொன்னேன், அறுபத்தெட்டு வயசு மனுஷரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, திட்டு வாங்கினேன்.

நாற்காலிகள் கட்டை நாற்காலிகள். எங்கள் வரிசையின் ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு மெலிந்த ஆள் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மாமா நம்மூர் வழக்கப்படி இருமல் மிட்டாய் ஒன்றை நீட்டினார். அவர் சிரித்துத் தலையாட்டி வேண்டாம் என்றார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடகர்கள் வந்து நின்றார்கள். மாமா எண்ணினார். "பத்து பேருன்னு புஸ்தவத்துல இருக்கு, ஒம்பதுதான் நிக்காங்க. ஒருத்தனுக்கு மேலுக்குச் சொகமில்ல போல." ஒரு பாகத்துக்கு ஒருவர், கும்பல் க்வயர் இல்லை. வாத்தியங்கள் அவர்களைவிட அதிகம்: வயலின்கள், பழைய மெல்லிய டிராம்போன்கள் மூன்று, ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட தியோர்போ என்ற தந்தி வாத்தியம், அப்புறம் கொர்னெத்தோ. இந்தக் கடைசி வாத்தியம்தான் இந்தக் காலத்து இசைக்கே முகம் என்பேன். வளைந்த மரக்குழல், மேலே கறுப்புத் தோல், புல்லாங்குழல் மாதிரித் துளைகள், ஊதுகிற இடம் மட்டும் டிரம்பெட் மாதிரி, வேர்க்கடலை அளவுக்கு ஒரு கிண்ணம். வாயின் ஓரத்தில் வைத்து ஊதுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் கவனம் தப்பினால் பிசிறடிக்கும், இன்றைக்கும் ஒரு இடத்தில் அடித்தது. சரியாக வந்தால் மனுஷக் குரலா குழலா என்று சொல்ல முடியாது.

ஒரு டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) தனியாக, வாத்தியமே இல்லாமல், "தெயுஸ் இன் அத்யுதோரியும்" என்று ஜெபம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார். தேவனே, என்னை விடுவியும். அடுத்த நொடி எல்லாரும் ஒன்றாக விழுந்தார்கள். விழுந்தார்கள் என்பதுதான் சரி. குரல்கள் ஒரே ஸ்வரக் கூட்டில் நின்று வார்த்தையைத் தட்டித் தட்டிச் சொல்ல, மேலே கொர்னெத்தோவும் வயலினும் அரண்மனைக் கொண்டாட்டத்தைக் கட்டவிழ்த்து விடுகின்றன. 1607-ல் இதே மாளிகைக்கு எழுதிய 'ஒர்ஃபெயோ' இசை நாடகத்தின் தொடக்க முழக்கத்தை எடுத்து ஜெபத்துக்கு மேல் போர்த்தியிருக்கிறார் மனுஷர். இந்தப் பகுதியை நான் காரில், சமையலறையில், ஓடும்போது என்று ஐந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டதில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. டிராம்போன் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலியின் கட்டை வழியாக முதுகுக்கு வருகிறது.

அப்புறம் சங்கீதங்களும் இடையிடையே தனிக்குரல் பாட்டுகளும். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. முதல் சங்கீதத்தில் ஆறு குரலும் சட்டென்று தாளத்தை விட்டுவிட்டு ஒரே ஸ்வரக் கூட்டில் பேசுகிற வேகத்தில் வசனத்தைச் சொல்லுகின்றன, கோயிலில் எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்வது போல, கடைசி வார்த்தைக்கு வந்ததும் மறுபடி பூவாக விரிகின்றன. 122-ல் வாத்தியத்தின் அடிச் சுரம் டக் டக் டக் டக் என்று நடக்கிறது. கர்த்தருடைய ஆலயத்துக்குப் போவோம் வாருங்கள் என்பதல்லவா வசனம், நடக்காமல் என்ன செய்யும். மாமாவின் கட்டைவிரல் அந்த நடைக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

'நிக்ரா சும்' வந்தபோது புத்தகத்தைப் பார்த்துவிட்டு என்னை இடித்தார். உன்னதப்பாட்டு, நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன். "நம்ம பாட்டுல்லா" என்றார் காதில். அதிலே 'சூர்ஜே', எழுந்திரு என்ற சொல் வரும்போதெல்லாம் குரல் படிப்படியாக மேலே ஏறும், ரொம்பச் சின்னப் பிள்ளைத்தனமான உத்தி, ஆனால் பாடுகிறவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கே எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

இப்போது 'துவோ செராஃபிம்'. இதற்காகத்தான் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏசாயா 6: இரண்டு சேராபீன்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர் என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு டெனர்கள் பலிபீடத்துக்கு இந்தக் கடைசியிலும் அந்தக் கடைசியிலுமாகப் போய் நின்றார்கள். தியோர்போவும் ஆர்கனும் மட்டும். ஒருவர் ஒரு சுரத்தைப் பிடிக்க மற்றவர் அதற்குப் பக்கத்துச் சுரத்தில் வந்து உரசுகிறார், உரசி வலித்து அப்புறம் விலகுகிறார். ஒரே சுரத்தைத் தொண்டைக்குள் வேகமாகத் தட்டுகிற அந்த அலங்காரத்துக்கு அன்றைக்கு 'திரில்லோ' என்று பெயர், கச்சீனி என்ற பாடகர் எப்படிப் பழக வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். மோசமாகப் பாடினால் ஜெர்மன்காரர்கள் அதை ஆட்டுக்கடா கனைப்பு என்பார்கள். மாமாவும் முதல் தட்டலில் "ஆடு கத்துத மாதிரி…" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. இரண்டு குரலும் அறையின் இரண்டு மூலையிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டிருந்தபோது அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பாதியில் வசனம் மாறுகிறது. ஏசாயா முடிந்து யோவான் நிருபம்: பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர். இரண்டு பேர் பாடிக்கொண்டிருந்த இடத்தில் மூன்றாவது குரல் வர வேண்டும்.

வந்தது. மேடையிலிருந்து அல்ல. எங்கள் வரிசையிலிருந்து. இருமல் மிட்டாயை வேண்டாம் என்ற ஆள் எழுந்து நின்றிருந்தார், கையில் தாள்கூட இல்லை, மாமாவின் தோளுக்கு ஓர் அடி தள்ளி நின்று "த்ரேஸ் சுந்த்" என்று பாடினார். மாமா துள்ளி என் கையைப் பிடித்தார், இன்னும் அந்த நகக்குறி இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் ஒரு பெரிய குரலைக் கேட்டால் அது பாட்டு என்று தோன்றுவதே இல்லை, மூச்சு, உமிழ்நீர், நெஞ்சு எல்லாம் கேட்கிறது. பாடிக்கொண்டே மெல்ல நடுவழியில் நடந்து போனார். மற்ற இரண்டு பேரும் மூலையிலிருந்து நடுவுக்கு வந்தார்கள். 'இம்மூன்றும்' என்ற இடத்தில் மூன்று குரலும் மூன்று சுரமாக விரிந்து நிற்கின்றன, 'ஒன்றாயிருக்கிறது' என்ற இடத்தில் ஒரே சுரத்துக்குள் போய் மறைகின்றன. மூன்று பேரும் வாயை மூடிய பிறகும் மேலே அந்த ஒற்றைச் சுரம் கொஞ்ச நேரம் இருந்தது, யார் குரல் என்று சொல்ல முடியாமல்.

உடனே பத்தாவது ஆளாக அவர் வரிசையில் போய் நின்றார், 127-ஆம் சங்கீதம், பத்துக் குரல், ஐந்து ஐந்தாக இரண்டு அணி. ஏன் பத்து பேர் என்பதும் ஏன் ஒன்பது பேர்தான் நின்றார்கள் என்பதும் மாமாவுக்கு அப்போது விளங்கியது.

மிச்சம் நாளைக்கு.

மூன்றாம் நாள், மாந்தோவா

காலை அரண்மனை. மந்தேஞா வரைந்த அந்த மணமக்கள் அறையைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள், வந்து கூரையில் வட்டமாக வானத்தைத் திறந்து எட்டிப் பார்க்கிற குழந்தைகளைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். எனக்கு மனசு நேற்றிலேயே நின்றது.

நேற்று விட்ட இரண்டு மூன்று விஷயங்கள்.

'அவுதி கோயெலும்' என்று ஒரு பாட்டு, வானமே கேள் என்று ஒரு டெனர் கேள்வி கேட்கிறார், எங்கோ பின்னாலிருந்து எதிரொலி பதில் சொல்கிறது. வெறும் எதிரொலி இல்லை, சிலேடை. அவர் 'கவுதியோ' (மகிழ்ச்சி) என்று முடித்தால் எதிரொலி முதல் எழுத்தை விழுங்கிவிட்டு 'அவுதியோ' (கேட்கிறேன்) என்கிறது. அவர் 'மாரியா', கடல்கள், என்கிறார். எதிரொலியும் 'மரியா' என்கிறது, ஆனால் அது மாதாவின் பெயர். நம் புலவர்கள் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். எதிரொலி பாடியவர் பலிபீடத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நின்றார், எங்களுக்கு முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிக் கூரையைப் பார்த்தாள்.

இன்னொன்று சொனாத்தா, வாத்தியங்களுக்கான பகுதி. வாத்தியங்கள் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்க, சொப்ரானோ, அதாவது உச்சக்குரல், ஒரே ஒரு வரியை, 'சாங்க்தா மரியா, ஓரா ப்ரோ நோபிஸ்', நீட்டி நீட்டிப் பதினொரு தடவை பாடுகிறது. கீழே தாளம் மூன்றாகிறது, நான்காகிறது, மேலே அந்த வரி எதையும் கண்டுகொள்ளாமல் வருகிறது. மாதாவிடம் வேண்டுகிற இடம் என்பதால் மாமா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "ஏழு தடவைக்கு மேல எண்ண முடியல, கண்ணு கலங்கிட்டு" என்று மட்டும் இன்று காலை காபியில் சொன்னார், அதுவும் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

க்வயர்க்காரர்களுக்கு ஒரு தகவல். கடைசிச் சங்கீதமும் மரியாளின் பாட்டான மக்னிஃபிகாத்தும் அச்சில் உயரமான சாவிகளில் (கிளெஃப், சுர உயரத்தைக் காட்டுகிற குறி) எழுதியிருக்கின்றன. எழுதிய உயரத்திலேயே பாட வேண்டுமா, நான்கு சுரம் இறக்கிப் பாட வேண்டுமா என்று பெரிய சண்டை, இசை நடத்துநர் ஆண்ட்ரூ பாரட் 1984-ல் இறக்கத்தான் வேண்டும் என்று நீளமாக எழுதினார். நேற்றைய குழு இறக்கியே பாடியது. பளபளப்பு கொஞ்சம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பாஸ் பாடியவர்கள் இரண்டு பேரும் அடிவயிற்றிலிருந்து எடுத்த அந்தச் சுரங்கள் இருக்கிறதே, மாமா நாடியைக் கழுத்தில் புதைத்துக்கொண்டு கூடவே வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு முன்பு உயரத்தில் பாடுவதுதான் பிடிக்கும், நேற்றோடு கட்சி மாறிவிட்டேன்.

மொன்டெவெர்டி இதை அச்சிட்டபோது எல்லாக் குரலையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற புத்தகம் கிடையாது. எட்டுத் தனிப் புத்தகங்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் பாகம் மட்டும். மற்றவன் என்ன பாடுகிறான் என்று காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "அப்பதான் ஒழுங்கா கேப்பானுவ" என்றார் மாமா. இது என்னை நோக்கிய அம்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அரண்மனையில் நடந்துகொண்டிருந்தபோது மக்னிஃபிகாத்தின் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வந்தது. பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். அந்த இடத்தில் இரண்டு கொர்னெத்தோ ஒன்றுக்கொன்று எதிரொலிக்கும், பின் இரண்டு வயலின். சம்பளத்துக்குத் தவணை சொல்லிய பிரபுவிடம் வேலை பார்த்துக்கொண்டே இதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார்? 1607-ல் மனைவி செத்துப்போகிறார், இரண்டு சின்னப் பையன்கள், அடுத்த வருஷமே கொன்ஸாகா கல்யாணத்துக்கு இரவு பகலாக இசை நாடகம் எழுதிக் கொடுக்க வேண்டும். 1610-ல் இந்தப் புத்தகத்தைப் போப்புக்குச் சமர்ப்பித்து அச்சிட்டு ரோமுக்கே போகிறார், மூத்த மகனுக்குப் போப்பின் பள்ளியில் இலவச இடம் கேட்டு. கிடைக்கவில்லை. 1612-ல் வின்சென்ஸோ பிரபு இறக்க, பட்டத்துக்கு வந்த மகன் இவரை வேலையை விட்டு அனுப்பினார். இருபத்தோரு வருஷ உழைப்புக்குப் பிறகு கையில் 25 ஸ்கூதிக் காசோடு வெளியே வந்தேன் என்று பின்னாளில் எழுதினார். கொன்ஸாகாக்களும் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1627-28-ல் கடனுக்கு ஓவியங்களை இங்கிலாந்து ராஜாவுக்கு விற்றார்கள், 1630-ல் ஊரே சூறையாடப்பட்டது. இந்த இசை முதலில் எங்கே பாடப்பட்டது என்பதற்குப் பதிவு கிடையாது, இதே சாந்தா பார்பரா என்று சிலர், இல்லவே இல்லை என்று சிலர். நேற்றிரவு அந்த நாற்காலியில் இருந்தவரைக்கும் எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை.

நான்காம் நாள், ரயில்

மாந்தோவாவிலிருந்து வெனிஸுக்கு எல்லாரும் வெரோனா வழியாகப் போவார்கள், வேகம். நான் வேண்டுமென்றே மொன்சேலிசே வழியாகப் போகிற லொட லொட ரயிலைப் பிடித்தேன். மாமாவுக்குக் காரணம் சொல்லவில்லை. பெட்டியில் நாங்களும் சைக்கிளோடு ஒரு பையனும் மட்டும். மக்காச்சோளம், வாய்க்கால், நெட்டையான பாப்லார் மரங்கள்.

சாங்குவினெத்தோ என்ற சின்ன ஸ்டேஷனில் ரயில் ஒரு நிமிஷம் நின்றபோது சொன்னேன். "மாமா, இந்த ஊர்கிட்டத்தான் அவரைக் கொள்ளையடிச்சாங்க."

1613 அக்டோபரில் புது வேலைக்காக வெனிஸுக்குக் குடிபெயர்கிறபோது நடந்தது. வயலிலிருந்து நீளத் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து வண்டியை மறித்தார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய மேலங்கியை ஒருவன் போட்டுப் பார்க்கிறான், நீளம். அவர் மகனுடையதைப் போட்டுப் பார்க்கிறான், குட்டை. துணிக்கடையில் நிற்கிற மாதிரி. கூடவே வந்த தபால்காரனும் இதற்கு உடந்தையோ என்று கடைசியில் சந்தேகப்படுகிறார். மாமா ஜன்னலில் தலையை வைத்து அந்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சவம், கூட வந்தவன்தான் செஞ்சிருப்பான், சந்தேகமே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார், நானூறு வருஷ வழக்கு முடிந்தது.

மொன்சேலிசேயில் இறங்கி மாற வேண்டிய ரயிலைத் தவறவிட்டோம், அடுத்ததுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முந்தின நாள் வாங்கிய ஸ்பிரிசொலோனா கேக்கைக் கல் உடைப்பது போல உடைத்துத் தின்றோம். வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், வெனிஸ்

சான் மார்க்கோவுக்குக் காலையிலேயே போய்விட்டோம், அப்படியும் கூட்டம். இசைத் தலைவராக அவர் எங்கே நின்றிருப்பார் என்று பார்க்கக்கூட நிற்க விடாமல் வரிசை தள்ளிக்கொண்டே போகிறது. இருபக்க மாடங்களையும் தங்கக் கூரையையும் பார்த்து, பாடகர்களைப் பிரித்துத் தனித்தனி இடத்தில் நிறுத்துகிற பழக்கம் இந்த ஊரில் அவருக்கு முன்னாலேயே ஏன் வேர்விட்டது என்று ஊகிக்கலாம். இங்கே சம்பளம் ஆண்டுக்கு 300 டுக்காட் காசு, சில வருஷத்தில் 400. 1620-ல் மாந்தோவாக்காரர்கள் திரும்பி வரச் சொன்னபோது மனுஷர் எழுதிய பதில் கடிதத்தை ஒவ்வொரு வேலைக்காரனும் படிக்க வேண்டும்: உங்கள் கஜானா அதிகாரியிடம் என் பணத்துக்கே நான் கையேந்தி நின்றேன், இங்கே நான் போய் வாங்காவிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாமா, பென்ஷன் பேப்பருக்காக ஒரு அலுவலகத்துக்குப் பதினாலு மாதம் நடந்தவர், இதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மத்தியானம் ஃபிராரி. பெரிய செங்கல் கோயில், நடுவில் தீத்ஸியானோ (டிஷியன்) வரைந்த சிவப்பு மாதா எல்லாரையும் இழுத்துக்கொள்கிறார். பக்கத்துச் சிற்றாலயங்களில் ஒன்று மிலான்காரர்களுடையது, கம்பித் தடுப்புக்கு உள்ளே தரையில் ஒரு கல், மொன்டெவெர்டியின் பெயர். கல்லின் மேல் ஒரு ரோஜா, வாடி ஓரம் கறுத்திருந்தது, அதன் பக்கத்தில் நேற்றோ இன்றோ வைத்த இன்னொன்று. வேறு யாருமே இல்லை.

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கல்லறையில் வேண்டுகிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது, என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மிக மெல்ல, மூக்குக்குள், டக் டக் டக் டக் என்று அந்த 122-ஆம் சங்கீதத்தின் அடிச் சுரம் நடக்க ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றில் ஒரு சுரம் தப்பு. திருத்தலாமா என்று நினைத்தேன், வாயை மட்டும் அசைத்தேன்.

ஆறாம் நாள், திரும்பும் ரயில்

பிரென்னர் மலையைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் சுருக்கமாக, சிக்னல் வந்து வந்து போகிறது. மாமா கேட்டார் என்று என் ஹெட்ஃபோனைக் கொடுத்து 'துவோ செராஃபிம்' போட்டுவிட்டேன், என்னிடம் இருப்பதிலேயே நல்ல பதிவு, பத்து வருஷமாக நான் யாரைப் பார்த்தாலும் கேட்கச் சொல்வது. கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது குரல் வருகிற இடம் எனக்குத் தெரியும், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கண்ணைத் திறந்து இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், அங்கே கோட்டு மாட்டுகிற கொக்கிதான் இருந்தது. முழுதும் கேட்டு முடித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் பாடுதாங்க. ஆனா மூணாவது ஆளு முதல்லேருந்தே அங்கனதான் நிக்கான்."